முதுகு சேராத கவுன்

சின்னவளுக்கு வயது நாற்பத்திரண்டு. இருந்தாலும் அவள் சின்னவள்தான். பிறந்த வீட்டில் அப்படி, தெருவில் அப்படி, கட்டிக்கொண்டவரும் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒரு பெரியவள் இருக்கிற வீட்டில் இரண்டாவதாகப் பிறந்துவிட்டால் சாகிற வரைக்கும் அதுதான் பெயர், வேறு வழியில்லை.

பெயர் போகட்டும், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் மேல் வலிக்காது. வலித்தது துணிதான். பெரியவளுக்கு எது சின்னதாகிறதோ அது சின்னவளுக்கு என்பது வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடச் சட்டை, மழைக்கோட்டு, குளிருக்குப் போடுகிற கம்பளிச் சட்டை எல்லாம் அக்காவின் முழங்கை இருந்த இடத்தில் நைந்துபோய்த்தான் இவளிடம் வந்து சேரும். இரண்டு பேரும் வளர்ந்து முடித்த பிறகு துணி சின்னதாவது நின்றது, அலுத்துப்போவது ஆரம்பித்தது. பெரியவளுக்கு எது அலுக்கிறதோ அது சின்னவளுக்கு. கல்யாணத்தன்று உடுத்தியதுகூட அக்கா தன் கல்யாணத்தில் உடுத்தி மடித்து வைத்ததுதான். அந்தக் கல்யாணத்தில் சின்னவளுக்கென்று புத்தம் புதிதாக வந்தது மாப்பிள்ளை மட்டும்.

அக்காவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமானவள். தங்கத்துக்கு உள்ள கனமும் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். பையோடு வருவாள். துணியை உதறிச் சின்னவளின் தோளில் வைத்துப் பார்ப்பாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இடுப்புல கொஞ்சம் பிடிச்சா உனக்குச் சரியா இருக்கும் சின்னி" என்பாள். காலம் காலமாக இதே வாக்கியம், ஒரு சொல் மாறாது. கொடுத்துவிட்டுச் சும்மா போவாளா என்றால் அதுவும் இல்லை. "பாத்து உடுத்து, கறை பட்டா போகாது. நீளத்தைக் குறைச்சிடாத. கையை மடக்கித் தச்சிடாத." தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே கொடுத்தவளே வந்து வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னவளுக்குத் தொழிலே தையல். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவுக்கு அடுத்த அறையில், மோட்டார் மெஷின் முன்னால் உட்கார்ந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் திரை, நோயாளிகள் உடுத்துகிற அங்கி என்று தைத்துத் தள்ளுகிறாள். "மாடியில ஆளைத் தைக்கிறாங்க, கீழ நான் துணியைத் தைக்கிறேன்" என்பாள். அங்கி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முன்பக்கம் ஒரே துண்டு. பின்பக்கம் இரண்டு துண்டு. அவை இரண்டும் முதுகில் ஒன்றோடொன்று சேராது, சேரவும் கூடாது. கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. படுத்திருப்பவரைப் புரட்டி எடுக்காமல் மாட்டவும் கழற்றவும் அதுதான் வசதி. யார் வந்து படுத்தாலும் அதே அளவு என்பதால் அளவெடுக்கிற வேலையே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். அந்த அறைக்கு ஒரே ஒரு கட்டளை: மிச்சத் துணி என்று ஒரு துண்டுகூட மேஜையில் கிடக்கக் கூடாது, எல்லாம் நாடாவாகிவிட வேண்டும்.

ஊருக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவள் தனக்கென்று ஒரு முழம் வெட்டியதில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் எங்க இருக்கு?" என்பாள். உண்மை அது இல்லை. பயம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய சிஸ்டருக்குப் பணி ஓய்வு வந்தது. பெரிய சிஸ்டர் என்றால் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ்; அவர் முறைத்தால் காய்ச்சலே இறங்கிவிடும் என்று பேச்சு. அவருக்கு ஒரு ஹோட்டல் கூடத்தில் பாட்டு, ஆட்டம், சாப்பாடு என்று பெரிய பார்ட்டி ஏற்பாடானது. அடித்தளத்துக்கும் அழைப்பு வந்தது. அக்காவுக்கும் உண்டு, ஏனென்றால் அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்துக்குத் தலைவர். அக்கா உடனே தன் அலமாரியைத் திறக்கப் போனாள். சின்னவளுக்கு அன்று எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ.

"வேண்டாம்க்கா. இந்தத் தடவை எனக்கு நானே தச்சுக்குறேன்."

"நீயா? பாத்துடி, தலையணை மாதிரி வந்து நிக்கப் போற!"

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். சின்னவளும் சிரித்தாள். ஆனால் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்று மாலையே கடைக்குப் போய் மாதுளை நிறத்தில் சாட்டின் துணியும், அதே நிறத்தில் ஒரு ஜிப்பும் வாங்கி வந்தாள். வாங்கியவள் தைத்தாளா? தினமும் அலமாரியைத் திறப்பாள், துணியைத் தடவிப் பார்ப்பாள், கத்தரிக்கோலைக் கையில் எடுப்பாள், ஞாயிற்றுக்கிழமை பார்ட்டிக்கு இன்னும் நாளிருக்கிறது என்று திரும்ப வைத்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லோருடைய போனுக்கும் ஒரு செய்தி வந்தது. கூடத்தை ஞாயிறன்று வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். பார்ட்டி நாளை மாலை. சின்னவள் அதைப் படித்து முடிப்பதற்குள் அக்காவின் போன்.

"பாத்தியா? தச்சாச்சா?"

"தச்சுக்கிட்டே இருக்கேன்க்கா." துணி அலமாரியை விட்டு இறங்கவே இல்லை.

"எதுக்கும் நான் என் பொன் கலர் கவுனை எடுத்துட்டு வந்துடுறேன். அது எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா உனக்குன்னா பரவாயில்ல. இடுப்புல கொஞ்சம் பிடிச்சா..."

சின்னவள் போனை வைத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அக்காவின் அந்த வாக்கியத்தை அவள் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். வீட்டில் அவள் கணவர் இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்துப் பழகியவர், அதனால் எதற்கும் பதறமாட்டார். மேஜையைத் துடைத்து வைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டு தயாராக நின்றார்.

"பதறாத காரியம் சிதறாது" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருந்தா அதுவும் சிதறாது" என்றாள் சின்னவள், கத்தரிக்கோலை எடுத்தபடி.

முதல் வெட்டு விழுந்ததுதான் தாமதம், பயம் போன இடம் தெரியவில்லை. கத்தரிக்கோல் சாட்டினுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது. இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது அவளுக்கு. பாட்டு தானாக வாயில் வந்தது. பாதி வரிதான் தெரியும், மிச்சத்துக்கு "லலலா". மெஷின் கடகடவென்று ஓடியது. அவர் இஸ்திரி போட்டுப் போட்டுக் கொடுத்தார். தோள் வந்தது, கை வந்தது, இடுப்பை மட்டும் தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி அழகாகப் பிடித்தாள். ஓரமெல்லாம் இரட்டை மடிப்பு. மேஜையில் ஒரு துண்டு மிச்சமில்லை. இப்படி ஒரு வேகத்தில் தன் கை வேலை செய்யும் என்று அவளுக்கே தெரியாது.

கீழ் ஓரம்தான் பாக்கி. தானே உடுத்திக்கொண்டு தன் கால்மாட்டில் தானே குனிந்து ஊசி குத்த முடியுமா?

"ஏங்க, கொஞ்சம் இதைப் போட்டுக்கிட்டு இந்த ஸ்டூல் மேல நில்லுங்க."

"நானா?"

"உங்களுக்கும் எனக்கும் ஒரே உயரம், ஒரே ஒடிசல். பக்கத்து வீட்டு ஆளையா கூப்பிட முடியும்?"

நியாயம்தான். அவர் கையை நீட்டினார், அவள் மாட்டிவிட்டாள், பின்னால் போய்க் கழுத்தில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு, முன்னால் வந்து முட்டிபோட்டு உட்கார்ந்து குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டாள். மாதுளை நிறக் கவுனில், அரும்பு மீசையோடு, அவர் ஸ்டூல் மேல் விறைப்பாக நின்றார். முன்னாலிருந்து பார்த்தால் கவுன் அத்தனை அழகு. கண் பட்டுவிடும்.

"சின்னி."

"ம்."

"முதுகுல காத்தடிக்குது."

"ஃபேனை நிறுத்துங்க."

"ஃபேன் ஓடல. சின்னி, ஒண்ணு கேக்கட்டுமா? நான் எந்த வார்டு?"

சின்னவள் எழுந்து பின்பக்கம் போனாள். வாயிலிருந்த குண்டூசிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

முன்பக்கம் ஒரே துண்டு. பின்பக்கம் இரண்டு துண்டு. கழுத்தில் நாடா, இடுப்பில் நாடா. நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு சாண் அகலத்துக்கு அவர் முதுகும், வெள்ளைப் பனியனும், அதற்குக் கீழே கட்டம் போட்ட அரை டிரவுசரும் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவ்வளவு வருஷமாக அங்கி வெட்டிய கை, எஜமானி பாட்டுப் பாடுகிறாள் என்றதும் தன்பாட்டுக்கு அங்கி வெட்டிவிட்டது! அதுகூடப் பரவாயில்லை. சற்று முன்புதான் அவளே அந்த நாடாக்களைக் கட்டினாள்; கட்டும்போதுகூட உறைக்கவில்லை. ஜிப் இன்னும் உறை பிரிக்காமல் மேஜை மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தரையில் சரிந்து சிரித்தாள். அவரும் ஸ்டூல் மேலேயே சிரித்தார். சிரித்துக்கொண்டே மிச்சத் துணியைத் தேடினாள். நாற்காலி மேல் அது இருந்தது: முழுக்க முழுக்க நாடாவாக, ஓரம் மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு, கட்டுக் கட்டாக. இஸ்திரி போட்டவர் அவர்தான். ஒரு கைக்குட்டைக்குக்கூட முழுத் துணி மிச்சமில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"இப்ப அக்கா வருவா" என்றாள். "அந்தப் பொன் கலர் கவுனைத்தான் உடுத்தணும். எல்லா நாளும் போல இன்னைக்கும்."

அக்கா வந்தேவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. புது நீல உடையில் பளபளவென்று, கையில் பையோடு உள்ளே நுழைந்தவள் ஸ்டூல் மேல் நின்ற உருவத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"தம்பி... உங்களுக்கு இந்தக் கலர் நல்லாத்தான் இருக்கு."

"வாங்க அண்ணி" என்று மரியாதையாக அவர் திரும்பினார். திரும்பியிருக்கக் கூடாது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். உடனே குரல் இளகிவிட்டது. அது அவள் குணம்.

"சரி விடு. யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்தா." பையிலிருந்து வெளிர்ப் பொன்னில் ஒரு கவுன் வெளியே வந்தது. உதறினாள். சின்னவளின் தோளில் வைத்தாள். தலையைச் சாய்த்தாள். "இடுப்புல கொஞ்சம் பிடிச்சா உனக்குச் சரியா இருக்கும் சின்னி."

சின்னவள் அந்தத் துணியைப் பார்த்தாள். தன் கணவரின் முதுகைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள். மாதுளைக்கும் பொன்னுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

"அக்கா, இது எனக்கா?"

"உனக்குத்தான். பாத்து உடுத்து, கறை பட்டா போகாது. நீளத்தைக்..."

"எனக்கே எனக்கா? இல்ல, உன்னோடதை நான் உடுத்திக்கிட்டுப் போறேனா? அதை மட்டும் சொல்லு."

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அக்காவுக்கு இதுவரை தெரியாது.

"நீ நிறையக் குடுத்திருக்கக்கா. இல்லன்னு சொல்லல. ஆனா ஒண்ணையும் விட்டதில்ல. உன் சட்டையை நான் தூக்கிட்டுத் திரிஞ்ச மாதிரியேதான் இருந்துச்சு எனக்கு, சின்னப் பிள்ளையிலேருந்து. இது என்னோடதுன்னா நான் வெட்டுவேன். என்னோடது இல்லன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடு. நான் போர்வையைப் போத்திக்கிட்டாவது பார்ட்டிக்குப் போயிக்கிறேன்."

அக்கா அந்தக் கவுனை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அவளுக்கு அது உண்மையாகவே பிடித்த உடை. பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, துணியைத் தங்கையிடம் நீட்டினாள்.

"உன்னோடது. வெட்டு. சீக்கிரம் வெட்டு, மனசு மாறிடும்."

கத்தரிக்கோல் கிரீச்சிட்டது. அக்கா "ஐயோ" என்றாள். இன்னொரு கிரீச். இன்னொரு ஐயோ. மூன்றாவது கிரீச்சில் ஒரு கண்ணைத் திறந்து, "கோணலாப் போகுது பாரு, இரு, நான் இந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கிறேன்" என்று புது உடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அந்த வீட்டில் நடந்தது தையலா திருவிழாவா என்று சொல்ல முடியாது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேகூடக் கை போகாது என்பார்கள். இங்கே அக்கா தங்கை இரண்டு பேரின் நாலு கையும் ஒரே முதுகுக்குள் போய்வந்தன. பொன் துணியை முதுகின் நடுவில் உள்பக்கமாக வைத்து, அவர் மேலேயே ஊசி குத்தி அளவு பார்த்தார்கள். அவர் மூன்று தடவை "ஆ" என்றார்.

"யாராவது என்னை டிஸ்சார்ஜ் பண்ணுங்களேன்."

"பேசாம நில்லுங்க தம்பி, டாக்டர் வேலையா இருக்காங்க" என்றாள் அக்கா.

நாடாக் கட்டுகளைப் பார்த்து யோசனை சொன்னதும் அக்காதான். இவ்வளவு நாடா இருக்கிறதே, கழுத்திலிருந்து கீழே வரை வரிசையாக வைத்துக் கட்டினால் என்ன? வைத்தார்கள். பொன் நிறத்தின் மேல் மாதுளை நிறத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குட்டிக் குட்டி முடிச்சுகள். சின்னவள் உடுத்திக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கவுனின் முன்பக்கத்தை விட முதுகு அழகாக இருந்தது. இப்படியும் ஒரு தப்பு உண்டா!

கீழ் ஓரத்தைத் தைக்க நேரமே இருக்கவில்லை. குண்டூசியோடு கிளம்பினார்கள்.

கூடத்தில் நுழைந்ததும் சின்னவள் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு ஆரம்பித்ததும் கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஆடினாள். ஒரு சுற்றுச் சுற்றியதும் சாட்டின் தன் புத்தியைக் காட்டியது. வழுவழுப்பில் மூன்றாவது முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கமாகத் தட்டோடு போன ஒரு நர்ஸ், பேச்சை நிறுத்தாமல், தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையாலும் தட்டைப் பிடித்த விரல்களாலும் அதைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அடுத்த சுற்றில் ஐந்தாவது. இன்னொரு நர்ஸ், ஆடிக்கொண்டே கட்டினாள். அவிழ்ந்த நாடாவோடு ஒரு முதுகைக் கண்டால் கட்டாமல் கடக்கத் தெரியாத கைகள் அந்தக் கூடம் முழுக்க இருந்தன. இங்கே ஒன்று அவிழும், அங்கே ஒருத்தி கட்டுவாள். யாருக்கும் தாங்கள் கட்டுகிறோம் என்பதே தெரியவில்லை. சின்னவளுக்கு மட்டும் முதுகு குறுகுறுத்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசியில் கழுத்து முடிச்சே அவிழ்ந்தபோது அதைக் கட்டியது பெரிய சிஸ்டர். கட்டி முடித்தவர் விரலை எடுக்கவில்லை. ஓரத்தின் இரட்டை மடிப்பைத் தடவினார்.

"ஏம்மா தையல், இந்தக் கழுத்து எனக்குத் தெரியுமே. என் சர்வீஸ் பூராவும் இதைத்தானே கட்டிக்கிட்டிருந்தேன்?"

சின்னவள் ஆட்டத்தை நிறுத்தி, நடந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பெரிய சிஸ்டர் முறைக்கவில்லை. அவர் சத்தமாகச் சிரித்ததை அந்த ஆஸ்பத்திரி ஆட்கள் அன்றுதான் கேட்டார்கள். "இந்த அங்கியில இவ்வளவு சந்தோஷமா ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் ஆட வந்துவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும். எங்கே தைத்தது, யார் தைத்தது என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நான்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சின்னவளுக்கு வாய் வலித்தது. சொல்ல அலுக்கவில்லை.

மூச்சு வாங்க ஓர் ஓரமாக வந்து நின்றபோது பின்னால் யாரோ இடுப்பு முடிச்சை இழுத்துச் சரி செய்வது தெரிந்தது. அக்கா. வரிசையாக ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தங்கையைத் தன் பக்கம் திருப்பி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கவுனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சின்னி."

"என்னக்கா?"

"இது உனக்கு அலுத்துப்போச்சுன்னா யாருக்கும் குடுத்துடாத, என்ன?" அக்காவின் பார்வை தரையில் இருந்தது. "இடுப்புல கொஞ்சம் விட்டா எனக்குச் சரியா இருக்கும்."

சின்னவள் சிரித்த சிரிப்பில் முதுகில் இரண்டு முடிச்சு அவிழ்ந்தது. அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாக்கலாம்க்கா. முதல்ல பழசாகட்டும்."

அக்கா தலையாட்டினாள். அவிழ்ந்த இரண்டு முடிச்சையும் கட்டிவிட்டாள். அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது.